தூங்காத கொக்கு

எங்கள் முதலாளிக்கு இலவசம் என்றால் ஆகாது. ஒருவர் வழியில் நின்று வணக்கம் சொன்னால்கூட, பதில் வணக்கத்துக்கு முன்னால் "என்ன விஷயம்?" என்பார். அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். தனக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம் உண்டு. எதுவென்று இன்னும் பிடிபடவில்லை.

கம்பெனியின் வேலை சின்னதுதான். பள்ளிக்கூட பஸ் இரண்டு தெரு தள்ளி வரும்போது, பிள்ளையைப் பெற்றவர்களின் போனுக்கு ஒரு செய்தி போக வேண்டும். பல் தேய்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஷூ மாட்ட அவகாசம் கிடைக்கும். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம், அவ்வளவுதான் வேலை. மிச்சப் பொழுதெல்லாம், செய்தி அனுப்பும் அந்தக் கணினி நிரல் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அது கொட்டாவி விடுவதற்காகக் கணினிகள் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்.

இதை மாற்றலாம் என்று சொன்னவள் என் அக்கா. அதே கம்பெனியில் மூத்த பொறியாளர். என்னை அங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான். அதை நான் ஒவ்வொரு நாளும் பாத்திரம் தேய்த்து ஞாபகம் வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் குடியிருப்பதும் அவள் வீட்டில்.

"சர்வர்லெஸ்னு ஒரு முறை இருக்கு சார்" என்றாள் கூட்டத்தில். "நிரல் தூங்கிட்டே இருக்கும். பஸ் கூப்பிட்டா எழுந்து வேலையைப் பாக்கும். அஞ்சு நிமிஷம் யாரும் கூப்பிடலைன்னா திரும்பத் தூங்கிடும்."

"சர்வரே இல்லைன்னா யாரும்மா பரிமாறுவா?" என்றார் முதலாளி.

சிரித்தோம். சம்பளம் வாங்குகிறவர்கள் சிரிக்க வேண்டிய இடம் அது.

"சர்வர் இருக்கும் சார். நாம அதைப் பத்திக் கவலைப்பட வேண்டியதில்ல, அவ்ளோதான். பெரிய கம்பெனிங்க கம்ப்யூட்டர்ல இடம் எடுத்து..."

"அடுத்தவன் வீட்டுக் கட்டில்ல நம்ம பிள்ளையைத் தூங்க வைக்கிறதா? நடக்காது."

ஆகவே சர்வர் இல்லாத முறைக்காக மூன்று சர்வர்கள் வந்தன. கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்கும் அறையில் அவற்றை அடுக்கி, முதலாளி பூட்டுப் போட்டார். அவற்றின்மேல் நிரலைத் தூங்கவைத்து எழுப்ப ஒரு தளம் வேண்டும். யாரும் எடுத்து ஓட்டலாம், உள்ளே திறந்து பார்க்கலாம் என்கிற ஓப்பன் சோர்ஸ் தளங்கள் பல இருந்தன. அலசிக் கழித்ததில் இரண்டு மிஞ்சின. ஒன்றின் சின்னம் கொக்கு. மற்றது ஆந்தை. அவற்றின் முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கூட்டமே முடிந்துவிடும் என்பதால், கொக்கு, ஆந்தை என்றே நிலைத்துவிட்டது.

கொக்கை உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆர்வலர்கள் எழுதுகிறார்கள். ஆந்தையை ஒரே ஒரு கம்பெனி எழுதி எல்லோருக்கும் சும்மா கொடுக்கிறது.

"ஒரே கம்பெனின்னா, நாளைக்கு மனசு மாறிப் பூட்டிடுவான்" என்றாள் அக்கா.

"நாலு பேர் சும்மா எழுதுறதுன்னா, நாளைக்கு நாலு பேரும் வேற வேலைக்குப் போயிடுவாங்க" என்றான் புள்ளி. புள்ளிவிவரம் இல்லாமல் தண்ணீர்கூடக் குடிக்காத எங்கள் சக ஊழியன். அவன் ஆந்தைக் கட்சி.

"ரெண்டு பேரும் எதுக்குச் சும்மா குடுக்கிறாங்க? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார் முதலாளி.

 அப்போதுதான் அக்கா, மறைக்கக் கூடாது என்று நினைத்து, ஒன்றைச் சொன்னாள். "சார், ஒரு விஷயம். கொக்கு எழுதுறவங்கள்ல என் வீட்டுக்காரரும் ஒருத்தர். வேலை முடிஞ்சு வந்து எழுதுவார். தூங்குற நிரலை எழுப்புற பகுதி அவர் பண்ணினது."



அன்றே முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். ஜன்னலுக்கு வெளியே சுவர்தான்.

"தம்பி, உங்க அக்கா தானா வந்து சொன்னாங்க பாத்தியா?"

"நேர்மை சார்."

"இவ்ளோ சொல்றாங்கன்னா, சொல்லாதது எவ்ளோ இருக்கும்?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார். தொழில்நுட்பத் தலைவர் நாற்காலி காலியாக இருந்தது. அக்காவுக்கு இரண்டு முறை கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போன நாற்காலி. இந்த மாற்றம் நல்லபடி முடிந்தால் அது அவளுக்கு என்று அவரே சொல்லியிருந்தார். இப்போது வேறு மாதிரி சொன்னார்.

"ரெண்டையும் ஓட்டிப் பாக்கிற சோதனையில ஏதாவது தில்லுமுல்லு இருந்தா, நாற்காலியும் கிடையாது, வேலையும் கிடையாது. உனக்கும் சேர்த்துத்தான். நீ எனக்கு ஒண்ணு பண்ணிக் குடு. கொக்கு தூங்குதா, முழிச்சிருக்கான்னு என் போன்ல நான் எப்பவும் பாக்கணும். யாராவது திருட்டுத்தனமா எழுப்பி வச்சிருக்காங்களான்னு தெரியணும்."

"ஆந்தைக்கும் வேணுமா சார்?"

"ஆந்தை மேல எனக்குச் சந்தேகம் இல்ல. இன்னொண்ணு. நான் பாக்கிறது எந்தப் பதிவிலயும் தெரியக் கூடாது. உங்க அக்காவுக்கு மூச்சு விடக் கூடாது."

நிரலர்களுக்குள் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. வேலைக்காக வருகிற அழைப்பை மட்டும்தான் வருகை என்போம். வேவு பார்க்க வருவதை வருகையில் சேர்க்க மாட்டோம். ஒட்டுக்கேட்கிறவனை விருந்தாளி என்று யார் எண்ணுவார்கள்? ஒரு வலைப்பக்கம் செய்து அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். அரை நிமிஷத்துக்கு ஒரு முறை தானாகவே புதுப்பித்துக்கொண்டு, விழித்திருந்தால் பச்சை விளக்கு, தூங்கினால் சிவப்பு விளக்கு காட்டும். அதன் தடயம் எதுவும் யாருக்கும் தெரியாதபடி வடிகட்டியும் விட்டேன்.

சோதனை ஆரம்பித்தது. நினைத்த நேரத்தில் புள்ளி இரண்டு பறவைகளையும் கூப்பிடுவான். எழுந்து பதில் சொல்ல எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பான். இதுதான் முக்கியம். காலையில் எல்லா பஸ்ஸும் ஒரே சமயத்தில் கூப்பிடும்போது ஒன்று தூக்கக் கலக்கத்தில் தள்ளாடினால், பின்னால் வருவதெல்லாம் வரிசை கட்டி நிற்கும். பஸ் போன பிறகு ஷூ மாட்டிப் பயனில்லை.

ஆந்தை இரண்டு விநாடியில் எழுந்தது. கொக்கோ, கூப்பிடுவதற்குள் "என்ன?" என்றது.

"இது தூங்கி எழுந்த மாதிரியே இல்லையே மேடம்" என்றான் புள்ளி.

"எனக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. அந்த ஆச்சரியத்தை நான் உற்றுப் பார்த்தேன். பதினைந்து வயதில் என் சைக்கிளை எடுத்துப்போய்ச் சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்தபோதும் அவள் முகத்தில் இதே ஆச்சரியம்தான் இருந்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்டுப் போனை நீட்டினார். "காலையில இருந்து பாக்கிறேன். ஒரு தடவையாவது சிவப்பு வந்துச்சா? பச்சை, பச்சை, பச்சை! சாப்பிடும்போதும் பாத்தேன், பச்சை. யாரோ தூங்க விடாம வச்சிருக்காங்க."

"யார் சார்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உன்னை வச்சிருக்கேன்."

சந்தேகம் சளி மாதிரி. முதலாளியின் அறைக்குப் போய் வந்தாலே ஒட்டிக்கொள்ளும். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அத்தான் சமையலறை மேஜையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மூடினார். சாதாரணமாக அவர் எதையும் மூடுகிறவர் இல்லை. பற்பசைக்கு மூடியைத் தேடுவது அக்காவின் அன்றாட வேலைகளில் ஒன்று.

"என்ன அத்தான், முக்கியமான வேலையா?"

"சும்மா மச்சான்."

சும்மா. முதலாளிக்குப் பிடிக்காத அதே சொல்.

"எங்க ஆபீஸ்ல உங்க கொக்கு பறக்குது அத்தான். கூப்பிடறதுக்குள்ள எழுந்து நிக்குது."

அவர் முகம் மலரும் என்று பார்த்தேன். சுருங்கியது. "அப்படியா? நான் எழுதினதா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "நல்லாப் பாத்தீங்களா?" என்றார்.

தன் பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கியதைக் கேட்டு, விடைத்தாளைக் காட்டச் சொன்ன முதல் தகப்பனை நான் அன்றுதான் பார்த்தேன். எங்கோ இடிக்கிறது என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே யோசித்தேன். அக்கா அலுவலகத்தில் இருக்கிறாள், அத்தான் வெளியில் இருக்கிறார். அவர் எழுதிய பகுதிதான் எழுப்புகிற பகுதி. உள்ளிருந்து தாழ்ப்பாளைத் திறந்து விட அவருக்குத் தெரியாதா?

சோற்றைப் போடுகிற கையைச் சந்தேகப்பட்டால் சோறு இறங்காது என்பார்கள். எனக்கு இரண்டாம் முறையும் போட்டுக்கொள்ளும் அளவுக்கு இறங்கியது. அதுவும் உறுத்தியது.

பிறகு முதலாளியின் போன் கைகழுவும் தொட்டியில் விழுந்தது. முகம் கழுவும்போதும் பச்சையா சிவப்பா என்று பார்த்துக்கொண்டிருந்ததில் கை நழுவியிருக்கிறது. பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தார்கள். கடைக்காரன் அதைப் பிரித்துக் காயவைத்தான்.

அன்று மதியமே கொக்கு படுத்தது.

புள்ளி ஓடி வந்தான். "அஞ்சு விநாடி! நேரம் விட்டு மூணு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டேன் மேடம். ஆந்தை எப்பவும் போல ரெண்டு. கொக்கு அஞ்சு!"

அக்கா திரையையே பார்த்தாள். "நேத்து வரைக்கும் நல்லா இருந்ததே. நான் எதையும் தொடலையே."

அந்தக் கடைசி வாக்கியம் முதலாளியின் அறைக்கு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. அவர் என்னைக் கூப்பிட்டபோது ஜன்னல் ஏற்கெனவே சாத்தியிருந்தது.

"நாம பாக்கிறது தெரிஞ்சுபோச்சு. அதான் நிறுத்திட்டாங்க. நீ சொன்னியா?"

"இல்ல சார்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"சத்தியம் வேற பண்றியே" என்றார் சந்தேகத்தோடு. "வெள்ளிக்கிழமை முடிவு எடுக்கிறேன். இந்தக் கொக்கு முதல்ல எப்படி ஓடுச்சு, இப்ப ஏன் நொண்டுதுன்னு உங்க அக்கா எல்லார் முன்னாடியும் சொல்லணும். சொல்ல முடியலைன்னா, குடும்பத்தோட கெளம்பலாம்."

சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். உண்மையிலேயே தெரியாதவளாக இருந்தாலும் சொல்ல முடியாது, திருடியாக இருந்தாலும் சொல்ல மாட்டாள். இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான்.

மறுநாள் விடுமுறை. மதியம் அக்காவின் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா கூடத்தில் உட்கார்ந்து கொக்கின் நிரலை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். அத்தான் மெல்ல எழுந்து, பூனைபோல நடந்து, அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கதவு கிறீச்சிட்டது. மூடினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி போனார். மறுபடி கிறீச். மூன்றாவது முறை உள்ளே வீல் என்று சத்தம்.

"உங்களை என்ன சொல்றது!" என்றாள் அக்கா. "தூங்குறாளான்னு பாத்துப் பாத்தே எழுப்பி விட்டுடுறீங்க. கதவைத் திறக்காம இருந்தா சாயங்காலம் வரைக்கும் தூங்குவா."

"இல்ல, முழிச்சிருக்காளோன்னு..."

"நீங்க போனா முழிச்சுத்தான் இருப்பா!"

என் கையில் ஒரு தட்டு இருந்தது. அது உடையாமல் மேஜைக்கு வந்து சேர்ந்தது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

தூங்குகிறதா என்று தெரிந்துகொள்ள, நான் செய்த வலைப்பக்கம் யாரைக் கேட்கிறது? கொக்கைத்தான் கேட்கிறது. "தூங்குறியா?" என்று கேட்டால் தூங்குகிறவர் என்ன செய்வார்? எழுந்து "இல்லையே" என்பார். அரை நிமிஷத்துக்கு ஒரு முறை கேட்டால் அவர் படுப்பதெப்போது?

"அக்கா" என்றேன். "நீ கோபப்படக் கூடாது."

"அப்ப ஏதோ பண்ணியிருக்க."

சொன்னேன். முதலாளி, ஜன்னல், போன், பச்சை விளக்கு, எல்லாவற்றையும். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். தட்டுகிற வேகம் கூடியது. குழந்தை அதைத் தாலாட்டு என்று எடுத்துக்கொண்டது.

"டேய், என் வீட்டுல உக்காந்துக்கிட்டு என்னையே வேவு பாத்தியாடா?"

"உன்னை இல்ல, கொக்கை."

"இவன் கேட்டுக்கேட்டு எழுப்புவானாம், அது எழுந்தா நான் திருடியாம்!" குழந்தையின் துண்டு என் முகத்தில் வந்து விழுந்தது. ஈரமாக இருந்தது. காரணம் கேட்கிற நிலையில் நான் இல்லை.

"நானும் உங்களைச் சந்தேகப்பட்டேன் அத்தான். அன்னைக்கு எதையோ மூடினீங்களே, அதனால."

அத்தான் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். கொக்கைப் பயன்படுத்துகிறவர்கள் எழுதிய புகார்கள். எழுந்திருக்க நேரமாகிறது, எழுப்புகிற பகுதியை எழுதியவன் தூங்கிக்கொண்டே எழுதினானா, என்கிற ரீதியில் பல நாட்டுக்காரர்கள் மனம் விட்டுப் பேசியிருந்தார்கள்.

"மச்சான் முன்னாடி இதை எப்படிக் காட்டுறது?" என்றார். "அதான் நீ நல்லா ஓடுதுன்னு சொன்னப்போ எனக்கு நம்பிக்கையே வரல."

அக்கா புகார்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு, "அப்ப நிஜமான வேகம் அஞ்சு விநாடிதான்" என்றாள். "ஆந்தை ரெண்டு. உங்க கொக்கு தோத்துடுச்சுங்க."

"சொல்லிடு" என்றார் அத்தான். "பிள்ளைங்க பஸ்ஸைத் தவற விட்டுட்டு நிக்கும். என் கொக்குக்காக எதுக்கு?"

வெள்ளிக்கிழமை முதலாளி, கடையிலிருந்து வந்த போனோடு கூட்டத்துக்கு வந்தார். போன் முன்பைவிடப் பளபளப்பாக இருந்தது. கடைக்காரன் எதற்காகச் சும்மா துடைத்துக் கொடுத்தான் என்று கவலைப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.

"சொல்லும்மா" என்றார்.

"அந்தப் போனை ஆஃப் பண்ணிடுங்க சார்" என்றாள் அக்கா.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"தம்பி சொல்லிட்டான். கோபம் அப்புறம் படுங்க சார். முதல்ல ஆஃப் பண்ணுங்க."

பண்ணினார். ஐந்து நிமிஷம் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்த அறையில் நடந்த கூட்டங்களிலேயே உருப்படியான ஐந்து நிமிஷம் அதுதான். புள்ளி கொக்கைக் கூப்பிட்டான். அது சோம்பல் முறித்து, கண்ணைக் கசக்கி, ஐந்து விநாடி கழித்து வந்தது.

"இப்ப ஆன் பண்ணிப் பக்கத்தைத் திறங்க."

திறந்தார். ஐந்து நிமிஷம் காத்திருந்தோம். புள்ளி கூப்பிட்டான். "என்ன?" என்றது கொக்கு.

புள்ளி போனைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான், சிரிப்பை விழுங்கினான். விழுங்கியது பாதி வழியில் நின்று இருமலாக வந்தது.

முதலாளி நெடுநேரம் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆக, எழுப்பினது..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

"யாரும் வேணும்னு பண்ணல சார்" என்றாள் அக்கா. அந்த இடத்தில் நானாக இருந்தால் அந்த வாக்கியத்தை முடித்துக் கொடுத்திருப்பேன். "ஆனா நிஜம் தெரிஞ்சுபோச்சு. கொக்கு நமக்கு ஆகாது. காலையில எல்லா பஸ்ஸும் சேர்ந்து கூப்பிட்டா தாங்காது. ஆந்தையையே எடுத்துக்கலாம். நாளைக்கு அவங்க பூட்டினா என்ன பண்றதுன்னு இப்ப இருக்கிற பிரதியை நம்ம கிட்ட பத்திரப்படுத்தி வச்சுக்கலாம்."

புள்ளி, வென்றவன் போல முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாமல் மடிக்கணினித் திரையை மூடினான்.

"உன் வீட்டுக்காரர் எழுதினதை நீயே வேண்டாம்னு சொல்றியாம்மா?"

"ஆமா சார்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பத்து வருஷமாகத் திருடனை எதிர்பார்த்துக் கதவருகே உட்கார்ந்திருந்தவருக்கு, வந்தவர் பால்காரர் என்று தெரிந்தால் வரும் ஏமாற்றம் அவர் முகத்தில் இருந்தது. பிறகு, "நாற்காலியை எடுத்துக்கோ" என்றார். அக்கா நன்றி சொன்னாள். "நன்றி எதுக்கு?" என்றார் அவர் உடனே.

அன்று வீட்டில் அத்தான் வருத்தப்படவில்லை. கொக்கு எந்த இடத்தில் தூங்கி வழிகிறது என்று அக்கா வரி எண்ணோடு காட்டினாள். "எல்லாரும் திட்டினாங்க. எங்கே தப்புன்னு காட்டினது நீ ஒருத்திதான்" என்று குஷியாக எழுத உட்கார்ந்துவிட்டார். அறைக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டது நான். தண்டனைகளில் அது முதலாவது.

ஆந்தையை ஏற்றினோம். காலை பஸ்கள் கூப்பிட்டன. அது எழுந்து எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டுத் தூங்கப் போனது. எந்தப் பிள்ளையும் தெருவில் நிற்கவில்லை. எல்லாம் சரியாக நடந்ததால் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, கதவைச் சாத்து. உங்க அக்கா அவ்ளோ சுலபமா ஆந்தைக்கு மாறிட்டாங்களே. ஆந்தை கம்பெனியில உங்க சொந்தக்காரங்க யாரு?"

"யாரும் இல்ல சார்."

"இதுக்கும் ஒரு பக்கம் பண்ணிக் குடு."

இந்த முறை அக்காவிடம் கேட்டுவிட்டே செய்தேன். ஆந்தையைத் தட்டி எழுப்பாமல், அதைத் தூங்கவைக்கிற காவலாளி நிரலிடம் மட்டும் விசாரிக்கும்படி வைத்தேன். கிறீச்சிடாத கதவு. முதலாளி வாங்கிப் போனார்.

மதியம் மறுபடி கூப்பிட்டார். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் சிவப்பு விளக்கு.

"காலையில பஸ் எல்லாம் போனதுல இருந்து பாக்கிறேன்" என்றார் தணிந்த குரலில். "சிவப்பு, சிவப்பு, சிவப்பு. எப்பப் பாத்தாலும் தூங்குது. எனக்கு என்னமோ, யாரோ இதுக்குத் தூக்க மருந்து குடுக்கிற மாதிரி தெரியுது."